சுவருக்குள் ஓடிய மணிக் கம்பி

சமையலறைச் சுவரில் தொங்கிய மணிகள் ஒன்பதா பதினொன்றா என்பது எனக்கு இப்போது நிச்சயமில்லை. வருடம் தொண்ணூற்றைந்தாக இருக்கலாம். சிரிப்பு மட்டும் சரியாக நினைவிருக்கிறது.

டொக்டர் குமாரசாமி, நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரத்தின் புறநகரான பாபடோயிட்டோய்க்கு அப்பால் ஒரு செங்கல் மாளிகையை வாங்கியிருந்தார். இங்கிலாந்துப் பிரபுக்களின் பழைய வீடுகளைப் பார்த்து, யாரோ ஒரு வெள்ளைக்காரர் நூறு வருடத்துக்கு முன் கட்டியது. அதன் பின்பக்க அறையில் யசீகரனும் மனைவி ரதிதேவியும் வாடகையில்லாமல் இருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் என்ஜினியராக இருந்த யசீகரனுக்கு விசா நீடிக்க ஒரு வேலைக் கடிதம் வேண்டும். கட்டட வரைபட அலுவலகம் நடத்தும் வரதராஜனிடம் சொல்லிவிடுவதாக டொக்டர் வாக்களித்திருந்தார்.

கையில் தொழில் இருக்கிறது என்று காட்ட, யசீகரன் அந்த வீட்டை அளந்து வரைந்தான். கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே மூன்று அடி கணக்கில் வரவில்லை. சுவரின் மரப்பலகையைத் தட்டித் திறந்தான். உள்ளே ஒடுங்கிய படிக்கட்டு. வேலைக்காரர் எசமான் கண்ணில் படாமல் கீழே சமையலறையிலிருந்து வந்துபோகக் கட்டியது. செங்கல்லை ஒட்டி, வேலைக்காரரைக் கூப்பிடும் மணிகளின் துருப்பிடித்த கம்பிகள் ஓடின.

"திருத்துவீரோ தம்பி?"

"ஓம் டொக்டர்."

மூன்று சனிக்கிழமைகள் போயின. எந்த அறையில் சுவரிலிருந்த பித்தளைக் குமிழை இழுத்தாலும் அதற்குரிய மணி சமையலறையில் ஆடியது.

"ஆரைக் கூப்பிட இது?" என்றாள் ரதிதேவி.

"ஒருத்தரையும் இல்லை. சும்மா அழகுக்கு," என்றான் யசீகரன்.

வரதராஜன் விருந்துக்கு வந்த ஞாயிறு மதியம் நானும் விருந்தாளிகளோடு இருந்தேன். யசீகரன் தன்னிடம் இருந்த ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நின்றான். டொக்டர் பித்தளைக் குமிழை இழுத்தார். சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த ரதிதேவி, என்ன அவசரமோ என்று சுவருக்குள் இருந்த படியால் ஏறி ஓடி, ஈரக் கையோடு சுவரைத் திறந்துகொண்டு வந்து நின்றாள்.

"அட! ஆளோட சேர்த்தா வீட்டை வாங்குனீங்க டாக்டர்?" என்றார் வரதராஜன். கூடமே சிரித்தது.

"நீர் உள்ளுக்குப் போம் ரதி," என்றாள் டொக்டரின் மனைவி ஆனந்தவல்லி. "மணி அடிச்சாப் பிறகு வாரும். இவையள் வடிவாப் பார்க்கட்டும்."

ரதிதேவி கணவனைப் பார்த்தாள். அவன் வரதராஜனைப் பார்த்தான்.

அவள் போனாள். மணி அடித்தது. வந்தாள்.

"திருத்தினது இவர்தான்," என்றார் டொக்டர்.

"பிரமாதம் போங்க! நாளைக்கு ஆபீசுக்கு வந்துடுங்க." வரதராஜன் தானும் ஒருதரம் இழுத்துப் பார்த்தார். சுவர் மறுபடி திறந்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் யசீகரன்.

அவனுக்குக் கடிதம் கிடைத்தது. வரதராஜனிடமே வேலையில் இருந்தான். ரதிதேவி அந்த மாதமே விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மங்கரேக்குப் போய், விமானச் சரக்குக் கொட்டகையில் வேலை எடுத்தாள், திரும்பி வரவில்லை. வரதராஜன் பெரிய அலுவலகத்தைப் பக்கத்துப் புறநகரான மனுகாவில் திறந்தார். டொக்டரும் ஆனந்தவல்லியும் வீட்டை விற்றுவிட்டு அவுஸ்திரேலியா போனார்கள். வாங்கியவர்கள் அந்தப் படிக்கட்டைச் செங்கல் வைத்து அடைத்தார்கள்.