வெளுத்த நோரி

1.
இந்தக் கதை ஒரு சோற்று உருண்டையிலிருந்து வந்தது. ஜப்பானில், ஹரிமாக் கடலோரத்தில் பல வருஷமாகக் குடியிருக்கிறேன். உருண்டையைச் சுற்றும் நோரி, அதாவது கடற்பாசித் தாள், கறுப்பாகத்தான் இருக்கும் என்று நம்பியிருந்தவன். அன்று கையிலிருந்தது பழுத்த வாழையிலை நிறம். "பாசிக்குப் பசி" என்றார் கடைக்காரர். கடலிலேயே பட்டினியா என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

2.
கதையின் தொடக்கம்: "மிசாவோ கழிவுநீரை நேசித்தாள்." சேச்சே, யார் நேசிப்பார்கள்? அந்த வரியை அடித்தாயிற்று.

மிசாவோ நகரத்துக் கழிவுநீர் நிலையத்தில் தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவள். ஊர் கழுவிவிட்ட நீரில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் கிடக்கும். அவை அளவில்லாமல் கடலில் கலந்து, நுண்ணுயிர்கள் பெருகிக் கடல் சிவந்து, மீன்கள் செத்து மிதந்ததைச் சிறுமியாகப் பார்த்தவள். அதனால் பாக்டீரியாக்களைப் பிள்ளைபோல வளர்த்தாள். காற்றூதும் தொட்டியில் ஒரு கூட்டம் அம்மோனியாவைத் தின்னும். காற்றில்லாத தொட்டியில் இன்னொரு கூட்டம் மிச்ச நைட்ரஜனை வானத்துக்கு அனுப்பிவிடும். பாஸ்பரஸை விழுங்கிய சேறு அடியில் தங்கும். வெளியேறும் நீர் பளிங்கு. அவளுக்கு அதில் கர்வமும் உண்டு.

அவள் அண்ணன் தொகுஜி அதே கடலில் நோரி வளர்ப்பவர்.

(ஊகித்துவிட்டீர்கள். நானும் ஒளிக்கப் போவதில்லை.)

3.
பாசிக்கு உரமே அந்த நைட்ரஜன்தான். இரண்டு குளிர்காலம் தொடர்ந்து பாசி வளரும் வலைகள் வெளுத்தன. தொகுஜி நிலைய வாசலுக்கே வந்தார்.

"உன் தண்ணியில சாமியே குளிக்கலாம் மிசாவோ. என் பாசிதான் பட்டினி கிடக்கு."

"நான் என்னண்ணே பண்ண?"

"குளிருக்கு மட்டும் அந்தக் காத்தைக் கொஞ்சம் குறைச்சு வையேன். கொஞ்சம் அழுக்கு வரட்டும்."

"அழுக்கு விடவா எனக்குச் சம்பளம்? சட்டம் இருக்குண்ணே."

"உங்க சட்டம் நோரி திங்காது போல" என்று சிரித்தபடி போனார்.

மேலிடத்தில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவள் கேட்கவில்லை. என் நீரா அழுக்காகப் போவது என்ற எண்ணம். எனக்கு அவள்மேல் கோபம் வருகிறது, கூடவே பாவமாகவும் இருக்கிறது.

4.
அடுத்த வருஷம் மாகாண அரசே உத்தரவு போட்டது: குளிர்காலத்தில் காற்றைக் குறைத்து, கொஞ்சம் நைட்ரஜனைக் கடலுக்கு விடுங்கள். (இதை ஒரு வருஷம் முன்னால் நகர்த்திப் பார்த்தேன். பொய் பல்லிளித்தது.) அதற்குள் தொகுஜி படகை விற்றுவிட்டு, சூப்பர் மார்க்கெட் வாசலில் கார்களுக்குக் கொடியசைத்துக்கொண்டிருந்தார்.

மிசாவோ தன் கையாலேயே காற்றைக் குறைத்தாள். அப்போது அவள் கண்களில் கடல்... (வேண்டாம், இந்த வாக்கியம் இங்கேயே கிடக்கட்டும்.) மற்றவர்களின் வலைகள் கன்னங்கரேலென்று வந்தன. "எல்லாம் உங்க புண்ணியம்க்கா!" என்று ஒரு கட்டு நோரி கொடுத்துவிட்டுப் போனார்கள்.

5.
எழுதிப் பார்த்த ஒரு முடிவில் தொகுஜி மறுபடி கடலுக்குப் போனார். ஆனால் படகை வாங்கியவன் அதை எப்போதோ கியூஷூவுக்கு ஓட்டிப் போய்விட்டான். இன்னொன்றில் மிசாவோ அண்ணன் காலில் விழுந்தாள். அது நம் ஊர்ப் பழக்கம், இங்கே செல்லாது.

மிச்சம் இதுதான்: அந்த நோரிக் கட்டை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவர் ஒரு தாளை அடுப்பில் வாட்டி, முறித்து, மென்றார்.

"நல்லாருக்கு. நீயும் தின்னும்மா."

"நான் கேட்டப்ப ஏன் செய்யல?" என்ற வரியை ஒவ்வொரு வரைவிலும் அவர் வாயில் வைத்தேன். மனுஷர் சொல்ல மாட்டேன் என்கிறார், தேநீர் ஊற்றுகிறார். கேட்டுவிட்டால் அவள் அழுதாவது தீர்ப்பாள். அவரைக் கேட்கவைக்க என்னால் முடியவில்லை. அவருக்குப் பதிலாக நீங்களாவது கேளுங்கள். அதற்காகத்தான் அவள் இன்னும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறாள்.