விளம்பரம் வரட்டும்

சீரியலில் மாமியார்க்காரி பால் தம்ளரில் எதையோ கலக்கி எடுத்துக்கொண்டு மாடிப்படியில் கால் வைத்தாள். விளம்பரம் வந்துவிட்டது.

"எய்ந்திரு மாமா" என்றாள் கங்கம்மா, புருஷனிடம்.

தேவேந்திரன் வாய்க்குள்ளேயே திட்டினான். திட்டிக்கொண்டே வலது கையை நாற்காலியில் ஊன்றி, இடது காலை இழுத்து வைத்து எழுந்தான். பக்கவாதம் வந்து நான்கு மாதம் ஆகிறது. ஆந்திர எல்லையோரம் விஜயபுரத்தில் அவர்கள் வீட்டுக் கூடத்திலிருந்து தெருக்கேட் வரைக்கும் அவன் கணக்கில் முப்பது தப்படி. போய்த் திரும்பி வந்து உட்காரும்போது சோப்பு, பற்பசை, நகைக்கடன் எல்லாம் முடிந்து மாமியார்க்காரி இரண்டாவது படியில் இருப்பாள்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் ஷோபா ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லியிருந்தாள். முதல் ஆறு மாதத்தில் தேறுவதுதான் பெரும்பாலும் தேறும், அப்புறம் ரொம்பக் கஷ்டம். "ஒரே மூச்சுல நடக்க வாணாம்மா. கொஞ்சம் கொஞ்சமா, ஒரு நாளைக்குப் பத்துப் பன்னெண்டு வாட்டி." சொல்லிவிட்டாள் மகராசி. கழனியில் பொழுதுக்கும் நின்ற மனுஷன், காலை இழுத்து நடப்பதை ஊர் பார்க்குமே என்ற வெட்கத்தில் டிவி முன்னால் சட்டமாக உட்கார்ந்துவிட்டான். கங்கம்மா கெஞ்சினாள், சண்டை போட்டாள், சோறு கிடையாது என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். எதற்கும் அசையவில்லை. ஒருநாள் விளம்பரம் ஓடும்போது அவன் வெறுமனே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்தாள். அன்றைக்கே பேசி முடித்துவிட்டாள்: கதை ஓடும்போது அவள் வாயே திறக்க மாட்டாள், விளம்பரம் வந்தால் அவன் கேட் வரை போய் வர வேண்டும்.

அதிலிருந்து விளம்பரம் எப்போது வரும் என்று ஏங்குகிற ஒரே பொம்பளை அந்த ஊரில் அவள்தான். எந்தச் சேனலில் எவ்வளவு நேரம் போடுவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கிரிக்கெட் சுத்தமாக உதவாது. ஓவருக்கு ஓவர் வருகிற விளம்பரத்தில் அவன் எழுந்து நிற்பதற்குள் அடுத்த பந்தைப் போட்டுவிடுவார்கள். தமிழ் சீரியல் பரவாயில்லை. மத்தியானம் தெலுங்குச் சேனலில் போடும் பழைய சினிமாதான் தங்கம். அதில் ஒரு சண்டை ஆரம்பித்து முடிவதற்குள் இரண்டு தடவை கேட்டுக்குப் போய் வரலாம். விளம்பரம் கொடுக்கிற புண்ணியவான்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்துவாள். நாளாக நாளாக அவன் இடது கால் தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்துத்தான் பெங்களூரிலிருந்து மகன் கிஷோர் வந்தான். விரல் நீளத்தில் ஒரு சாமானை டிவிக்குப் பின்னால் செருகினான்.

"இனிமே ஆட்ஸே வராது நைனா. ஒரு வருசத்துக்குக் கட்டிட்டேன். நீ பாட்டுக்கு நிம்மதியா பாத்துக்கினு இரு."

தேவேந்திரன் முகம் மலர்ந்துவிட்டது. பிள்ளை ஆசையாகச் செய்ததை என்னவென்று குறை சொல்வது? "நல்லதுப்பா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனவள் உள்ளுக்குள் குமுறினாள்.

கிஷோர் ஊருக்குப் போன பிறகு இரண்டு நாள் தேவேந்திரன் கக்கூசுக்குத் தவிர எழவில்லை. ஒரு எபிசோட் முடிந்தால் அடுத்தது தானாகவே ஓடியது. மூன்றாம் நாள் காலை அவன் கால் மறுபடி தரையைத் தேய்த்துக்கொண்டு போவதைக் கங்கம்மா பார்த்தாள். அவளுக்குப் பயம் வந்துவிட்டது. அந்தச் சாமானைப் பிடுங்கி எறியலாம்தான். எறிந்தால் அந்த வீம்பிலேயே படுத்துவிடுவான்.

அன்று மத்தியானம் படத்தில் வில்லன் கத்தியை உருவினான். கங்கம்மா ரிமோட்டை எடுத்து அப்படியே நிறுத்தினாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு டிவியை மறைத்து நின்றாள்.

"இன்னாமே?"

"வெளம்பரம்."

"அதான் வராதுன்னு துட்டு கட்டிகிறானே புள்ள."

"அவன் கட்னா நான் வுட்டுடுவேனா. எய்ந்திரு."

அவன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இன்னும் ரெண்டு மாசந்தான் கீது மாமா" என்றாள். குரல் உடைந்தது. அழுதால் காரியம் கெட்டுவிடும். அடுத்து என்ன செய்வதென்றும் தெரியவில்லை. நாலு மாதமாகக் காதில் விழுந்ததெல்லாம் தானாக வாயில் வந்தது. பற்பசைக்காரி மாதிரி பல்லெல்லாம் காட்டிச் சிரித்தாள். இல்லாத சோப்பைக் கன்னத்தில் குழைத்துத் தேய்த்தாள். நகைக்கடன்காரனின் கட்டைக் குரலில், "ரண்டி, ரண்டி, மீ பங்காரம் மா பாத்யத" என்று கையை விரித்துக் கூப்பிட்டாள். வாங்க வாங்க, உங்க தங்கத்துக்கு நாங்க பொறுப்பு என்று அவன் தெலுங்கில் தினமும் கூவுவது அது. ஐம்பத்திரண்டு வயதில் இதென்ன கூத்து என்று முதலில் கூசியது. பிறகு கூசவில்லை.

தேவேந்திரன் வாயின் வலது ஓரம் சிரித்தது. இடது ஓரமும் லேசாகக் கோணியது. "பைத்தியம்மே நீ" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் கையை ஊன்றினான்.

அவன் வாசலைத் தாண்டியும் அவள் நிறுத்தவில்லை. விளம்பரம் நின்றால் திரும்பி வந்துவிடுவானே. அவன் காதில் விழட்டும் என்று குரலை உயர்த்தி உரம் விற்றாள், பெயின்ட் விற்றாள், குக்கர் விற்றாள். சரக்கு தீர்ந்துகொண்டே வந்தது. அப்போது கேட்டின் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். தெருவில் பைக்கில் போய்க்கொண்டிருந்த யாரோ நிறுத்தி, "இன்னா தேவேந்திரா, நடக்கிறியா?" என்று கேட்டார்கள். அவன் நின்று ஏதோ பதில் சொன்னான். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பாமல், காம்பவுண்டுச் சுவரை வலது கையால் பிடித்தபடி பிள்ளையார் கோயில் பக்கம் நடந்தான்.

 கங்கம்மாவுக்குச் சொல்வதற்கு ஒரு விளம்பரமும் பாக்கியில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஜன்னல் கம்பியோடு முகத்தை வைத்து, தெருவுக்கே கேட்கும்படி பற்பசையிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தாள்.