இரண்டாவது வண்டி

கியர் கரகரவென்று அலறியபோது குருமூர்த்திக்குத் தன் பல்லே நொறுங்கியது போலிருந்தது. ஸ்டியரிங்கில், அவனைத் தன் வீட்டில் தங்கவைத்திருந்த சந்திரமௌலி சார். எதிரே, ஜெர்மனியின் பான் நகரத்தில் அந்த வீட்டின் குறுகிய முற்றத்துக்குள், இன்ஷூரன்ஸ்காரர் லிண்ட்னரின் வண்டி வெளியே போக வழியில்லாமல் நின்றது. வாசலை அடைத்திருந்த இந்தப் பழைய ஃபோக்ஸ்வாகனை ரிவர்ஸ் எடுத்தாக வேண்டும்.

வண்டியை வாங்கியது குருமூர்த்தி. விற்றவர் சற்றுமுன்தான் கொண்டுவந்து விட்டுப் போயிருந்தார். ஆனால் உள்ளே காபி குடித்துக்கொண்டே இன்ஷூரன்ஸ் காகிதத்தில் கையெழுத்துப் போட்டது சார். விபத்தே இல்லாமல் பல வருஷம் தன் ஓப்பல் காரை ஓட்டியவர். அவர் பேரில் இரண்டாவது வண்டி என்றால் கட்டணம் கொஞ்சம்தான். இப்போதுதான் லைசென்ஸ் வாங்கிய, இருபத்திரண்டு வயசுக்காரன் பேரில் என்றால் வண்டியின் விலையையே தாண்டும். வண்டி இல்லாவிட்டால், திங்கட்கிழமை முதல் ரைன் நதிக்கரை ஊர்களில் சோதனைக்காகத் தண்ணீர் மாதிரிகள் சேகரிக்கும் வேலை இல்லை. அந்த வேலை போனால் ஊருக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதுதான்.

"நீங்கள்தானே ஓட்டப்போகிறீர்கள்?" என்று கையெழுத்தின்போது லிண்ட்னர் சாரைக் கேட்டார். ஆமாம் என்றாலே போதும். "ஒரு வாரமாக நான்தான் ஓட்டிப் பார்க்கிறேன்" என்று கூடுதலாக அளந்துவிட்டார் சார்.

மறுபடி கரகர. லிண்ட்னர் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பார்த்தார்.

டிரைவிங் பள்ளியில் இதே மாதிரி வண்டியில் பழகியவன் குருமூர்த்தி. மேகத்தைப் பற்றிப் பேசுகிறவன் போல வானத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னான்: "சார், கியர் குச்சியைக் கீழ அமுக்கிண்டு, இடது பக்கம் தள்ளி, பின்னால இழுங்கோ."

"அமுக்கிண்டுதான்டா இருக்கேன்! இது எங்க போறது?" என்றார் சார், சிரித்த முகம் மாறாமல். எஞ்சின் குலுங்கி அணைந்தது.

படியிலிருந்து இறங்கி வந்தாள் அவர் மனைவி வேதவல்லி. அவர்கள் உள்ளே பேசிக்கொண்டிருந்தபோதே வண்டிக்குக் குங்குமம் வைத்து, முன்சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழமும் வைத்து முடித்திருந்தாள்.

"ஏன்னா, இறங்குங்கோ. தினம் ஓட்டப்போறவன் கையாலதான் முதல்ல நகரணும். அதுக்குத்தானே பூஜை?" சன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியை உருவினாள். லிண்ட்னரின் கண்ணெதிரிலேயே குருமூர்த்தியின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். "பயப்படாம எடுடா."

சாவியைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். மாமி கொடுத்ததை மறுக்க அவனுக்குக் கை எழவில்லை. சார் இறங்கி, ஓரமாக நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். குச்சி அவன் கைக்குள் மெத்தென்று அமுங்கியது. முனகலே இல்லாமல் வண்டி பின்னால் போய்த் தெருவோரம் நின்றது.

"முதல் அடியே பின்னாலயா..." என்று வேதவல்லி முணுமுணுத்தது அவனுக்குக் கேட்டது.

லிண்ட்னரின் வண்டி மெல்ல வந்து அவனருகே நின்றது. சன்னல் கண்ணாடி இறங்கியது.

"உங்கள் வயது என்ன?"

"இருபத்திரண்டு."

அவர் தலையை ஆட்டினார். கையெழுத்தான காகிதம் இருந்த பை பக்கத்து இருக்கையில் கிடந்தது. அது இனிச் செல்லுமா என்று சொல்லாமலே கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

வாசலில் எலுமிச்சம்பழம் இரண்டும் நசுங்கிக் கிடந்தன. ஒன்றின் தோல் லிண்ட்னரின் பின்சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு, மஞ்சளாகச் சுற்றிச் சுற்றி, தெருமுனை வரை தெரிந்துகொண்டே போயிற்று.