பெயர்ப்பலகை தெரியும்படி

1

இந்தக் கதை என் கோழைத்தனத்தில் பிறந்தது. வேறு மாதிரி தொடங்கத்தான் பார்த்தேன்: ‘ஆகாயம் அள்ளித் தெளித்த வைரங்களாய்…’ (அடித்துவிட்டேன். அன்று நான் அண்ணாந்து பார்க்கவே இல்லை.)

எங்கள் கல்லூரி மொட்டைமாடியில் கான்கிரீட் தூண் எழுப்பி, அதன்மேல் ஒரு தொலைநோக்கியை நிரந்தரமாகப் பொருத்தினார்கள். பொருத்தினால் போதாது. வானம் எந்தப் புள்ளியைச் சுற்றுகிறதோ, அதற்கு நேராக அதன் அச்சு நிற்க வேண்டும்; அப்போதுதான் ஒரு கோளைப் பிடித்தால் விடாமல் பின்தொடரும். அந்த வேலையைச் செய்தவர் இயற்பியல் ஆய்வக உதவியாளர். மாணவர்களுக்கு அவர் ஸ்பேனர் அக்கா.

2

பதினோரு மாலை. ஒரு நட்சத்திரத்தைக் கண்வில்லையின் குறுக்குக்கோட்டில் நிறுத்துவார். இருபது நிமிடம் பார்ப்பார். மேலேயோ கீழேயோ நழுவினால் போல்ட்டை நூலளவு திருகுவார். மறுபடி முதலிலிருந்து. கணவர் போனில் கூப்பிட்டால், “இன்னும் நழுவுதுங்க, நீங்க சாப்பிடுங்க” என்பார்.

(இங்கே அவருக்கு விண்மீன்கள்மேல் தீராக் காதல் என்று ஒரு பத்தி இருந்தது. பொய். கேட்டதற்கு, “அரைகுறையா விட்டா தூக்கம் வராது சார், அவ்வளவுதான்” என்றார்.)

கடைசி மாலை படியிறங்கி வந்தவர், “நின்னுடுச்சு சார்!” என்றார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

3

திறப்பு விழா அன்று நாலு மணிக்குப் படமெடுக்க மேலே போனோம். நான் தமிழ் ஆசிரியன். விழா மலருக்குக் குறிப்பெழுதப் போனவன். அக்கா கீழே நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்.

“தொலைநோக்கியில இருக்கிற பெயர்ப்பலகை தெரியலையே சார்” என்றார் புகைப்படக்காரர்.

“லேசா திருப்பிட்டா போச்சு” என்று துறைத்தலைவர் போல்ட்டைத் தளர்த்தினார். “தமிழய்யா, அந்தப் பக்கம் பிடிங்க.”

பிடித்தேன். ஒரு சாண் திரும்பியது. படம் பிரமாதமாக வந்தது.

அந்தி சாய்ந்ததும் சிறப்பு விருந்தினர் கண்ணை வைத்தார். “என்னங்க, சனி நிக்கவே மாட்டேங்குது?”

துறைத்தலைவர் எல்லோர் முன்னிலையிலும் அக்காவிடம் திரும்பினார். “பதினோரு நாளா மேல உக்காந்து என்னம்மா கிழிச்சே?”

அக்கா போல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். “யாரோ கழட்டியிருக்காங்க சார்.”

“யாரு கழட்டுவா? தமிழய்யா, நீங்க மேலதானே இருந்தீங்க?”

“நான்… கவனிக்கலை சார்” என்றேன்.*

4

அடுத்த வாரமே அக்காவை விடைத்தாள் கிடங்குக்கு மாற்றினார்கள்.

முதல் முடிவு: நான் கல்லூரி முதல்வரின் அறைக்குள் நுழைந்து, “கழட்டினது நாங்கதான் சார்” என்று— (வாக்கியம் இதற்குமேல் போகவில்லை.)

இரண்டாம் முடிவு: அக்காவைத் திரும்ப அழைக்கிறார்கள், அவரும் மேலே ஏறி… இது பாதி நடந்தது. ஆள் அனுப்பினார்கள். “நான் கிழிச்சது போதும்னு சொல்லுங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வேறு முடிவு தோன்றாமல், எழுதியவரைக்கும் கிடங்குக்குக் கொண்டுபோய் அவரிடமே கொடுத்தேன். நின்றபடியே படித்தார். தாள்களைத் தட்டி அடுக்கித் திருப்பிக் கொடுத்தார்.

“இவ்வளவு எழுதியிருக்கீங்க. முதல்வருக்கு ரெண்டு வரி போதுமே சார்.”

அந்த இரண்டு வரியையும் இன்று காலை எழுதிவிட்டேன். மேசைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை. நீங்கள் வேண்டுமானால் என்னை நல்லவனாக்கி முடித்துக்கொள்ளுங்கள். அதை அக்காவிடம் மட்டும் காட்டாதீர்கள்.

———
* முந்தைய வரைவில் இந்த இடத்தில் நான் இருமினேன். அதுவும் நடக்கவில்லை.