நாலாவது ஆள்

"அந்த ஜன்னல் வரைக்கும் நடந்துட்டு வா, பாப்போம்" என்றார் அப்பா.

சின்னவன் இன்னும் பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. மூன்று வருஷம் கழித்து வீட்டுக்குள் நுழைகிற மகனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது என்று வேறு யாராவது இருந்தால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருப்பார்கள். அவனுக்கு அப்படித் தோன்றவில்லை. அப்பா வேலை பார்த்த காலம் முழுக்கச் செருப்புக் கடையில் நின்றவர். வாடிக்கையாளர் யார் வந்தாலும் முதலில் காலைப் பார்ப்பார், அப்புறம்தான் நிதானமாக முகத்துக்கு வருவார். புதுச் செருப்பை மாட்டிவிட்டு "நாலு எட்டு நடந்து பாருங்க" என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். சின்னவன் பெட்டியைச் சுவரோரம் வைத்தான், ஜன்னல் வரை நடந்தான், திரும்பி வரும்போது வேண்டுமென்றே கொஞ்சம் பந்தாவாக நடந்தான். நாற்பதைத் தாண்டிய ஆள்தான், ஆனாலும் அந்த வீட்டுக்குள் அவன் சின்னவன்.

அப்பா தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தார். "பரவாயில்ல. ரெண்டாவது ஆள் அளவுக்கு வராது. ஆனா கடைசியா வந்தவனுக்கு எவ்வளவோ மேல்."

சின்னவனுக்கு வாயெல்லாம் பல். அந்த வீட்டில் ரெண்டாவது ஆள் என்றால் ஒரே உளவாளி திரும்பத் திரும்ப வரும் படங்களில் அந்த வேடத்தில் ரெண்டாவதாக நடித்தவர் என்றுதான் அர்த்தம். அவன் பிறப்பதற்கு முன்பிருந்தே வந்துகொண்டிருக்கும் படங்கள். அதே கோட்டு, அதே துப்பாக்கி, அதே மேலதிகாரி, அதே திட்டு. ஆள் மட்டும் மாறிக்கொண்டே இருப்பார். புதுப் படம் வந்தால் அப்பா, அக்கா, அவன் மூன்று பேரும் கிளம்பிவிடுவார்கள். வெடிச் சத்தத்துக்குத் தலை வலிக்கும் என்று அம்மா மட்டும், உயிரோடு இருந்த காலம்வரை, வரவே இல்லை. திரும்பி வருகிற வழியெல்லாம் யார் நன்றாக நடித்தது என்று சண்டை. அக்காவுக்கு மூன்றாமவர்தான் எல்லாம், காரணம் கன்னத்தில் விழும் குழி. சின்னவன் முதலாமவர் கட்சி. முதலில் வந்தவர்தான் அசல், மற்றவரெல்லாம் அவர் கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டவர்கள் என்று தொண்டை வறளக் கத்துவான். அப்பா மட்டும் ரெண்டாமவரை விட்டுக்கொடுக்கமாட்டார். "மொத ஆளு எல்லாரும் பாக்கறாங்கன்னு நடக்கறான். ரெண்டாமவன் எங்கயோ போய்ச் சேரணும்னு நடக்கறான். மூஞ்சிய விடு, காலைப் பாரு" என்பார்.

ஒரு தடவை சின்னவன் நியாயமான ஒரு சந்தேகத்தைக் கேட்டான். ஆளே மாறிப்போயிருக்கிறான், அந்த மேலதிகாரி ஒரு வார்த்தைகூடக் கேட்கமாட்டாரா? அப்பா ரொம்ப நேரம் யோசித்தார். "கேக்கமாட்டார்டா. வந்து நிக்கறான் இல்ல? வேலையச் செய்யறான் இல்ல? அதுக்கப்புறம் மூஞ்சி ஏன் மாறிச்சுன்னு கேட்டா அவன் மனசு என்ன பாடுபடும்?" என்றார்.

அந்த அப்பாதான் இப்போது நாற்காலியில் உட்கார்ந்து அதே பேச்சைப் பேசிக்கொண்டிருக்கிறார். ஞாபகம் தப்புகிறது, ஆள் மாறிவிட்டார், சீக்கிரம் வா என்று போனில் அக்கா பயமுறுத்தியதெல்லாம் எதற்கு?

"கடைசியா வந்தவரை அப்படிச் சொல்லாதீங்கப்பா. பாவம், ஒரே படத்தோட போயிட்டாரு" என்றான் உற்சாகமாக.

"ஆமாமா. ஒரு வாரம்கூட நிக்கல."

"படம் ஓடினாத்தானே ஆள் நிப்பாரு!"

அப்பா சிரித்தார். சின்னவனும் சிரித்தான். சமையலறை வாசலில் நின்ற அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"சரி, நாலாவது ஆளைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே?" என்று கேட்டான்.

அப்பா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நாலாவது நீதானே. இப்பத்தானே வந்திருக்க. போகப் போகச் சொல்றேன்."

சமையலறையில் அக்கா குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பேசினாள். தண்ணீர்ச் சத்தத்தில் அப்பாவுக்குக் கேட்காது என்பது அவள் கணக்கு. அப்பாவைப் பகலில் பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருந்தது சின்னவனுக்குத் தெரியும். முதலில் வந்தவர் நல்ல பருமன். அவரைப் பார்த்ததுமே அப்பா, மகன் வந்துவிட்டான் என்றார். அக்கா திருத்தினாள். திருத்திய அன்றைக்கெல்லாம் அப்பா சாப்பிடவில்லை.

"அப்புறம் அவரேதான் சொன்னாரு, இருக்கட்டும்மா, மகன்னே கூப்பிடட்டும், எனக்கென்ன குறைஞ்சுபோச்சுன்னு. அவரு வேலைய விட்டு நின்னதும் இன்னொருத்தர் வந்தாரு. எந்நேரமும் விசிலடிச்சுக்கிட்டே இருப்பாரு, அப்பாவுக்கு உசிரு. அவருக்கு ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சுப் போயிட்டாரு. மூணாவது ஆளு வந்த சுருக்குலயே ஓடிட்டான். நீ வர்றேன்னதும் மகன் வர்றான்பான்னு சொன்னேன். புது ஆளான்னு கேட்டாரு."

"என் போட்டோவக் காட்ட வேண்டியதுதானே?"

"காட்டாம இருப்பேனா? யாரு இது, களையா இருக்கானேன்னாரு." அக்கா குழாயை மூடினாள். "எப்படிடா உங்கிட்ட போன்ல சொல்வேன்?"

சின்னவனுக்கு அக்காமேல் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது, ஏனென்றால் கோபப்படுகிற தகுதி தனக்கு இருக்கிறதா என்று அவனுக்கே தெரியவில்லை. கோபம் போன இடத்தில் விசில்காரர்மேல் பொறாமைதான் மிச்சம் இருந்தது. முன்பின் பார்த்திராத ஒருவர் தன் இடத்தில் இருந்து தன்னைவிட நல்ல பேர் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

விட்டுவிட அவனுக்கு மனசில்லை. அடுத்து வந்த நாட்களில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பழசையெல்லாம் கிளறினான். மாடிப்படியில் விழுந்து பல் உடைந்தது, அப்பா தோளில் தூக்கிக்கொண்டு ஓடியது, கடை மூடிய பிறகு பெட்டி அடுக்குகளுக்கு நடுவே அவன் தூங்கிப்போய் ஊரெல்லாம் தேடியது. ஏதாவது ஒன்று எங்காவது போய்த் தட்டாதா என்ற நப்பாசை. அப்பா எல்லாவற்றையும் உம் கொட்டிக் கேட்டுக்கொண்டார். கடைசியில் அவன் முழங்காலைத் தட்டி, "நல்லா மனப்பாடம் பண்ணியிருக்க. அந்த விசிலுக்குக்கூட இவ்வளவு தெரியாது" என்று மெச்சினார். சின்னவன் எழுந்து குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான்.

ஒரு மத்தியானம் டிவியில் அந்த உளவாளிப் படம் ஓடியது. ஆறாமவர் நடித்தது. அப்பாவுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. தெரியாதது அவருக்கு ஒரு பொருட்டாகவும் இல்லை. கோட்டைப் பார்த்தார், துப்பாக்கியைப் பார்த்தார், அவன்தான் என்று முடிவுகட்டிவிட்டார். அக்கா துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். சின்னவன் நாற்காலி நுனியில் இருந்தான். கேட்கக்கூடாது என்று இத்தனை நாள் அடக்கிவைத்திருந்ததைக் கேட்டுவிட்டான்.

"மொதல்ல நடிச்சவன் எப்படிப்பா?"

"நடையில கொஞ்சம் அலட்டல்..."

"படத்துல இல்லப்பா. நம்ம வீட்டுல. உங்க மகனா. இவங்க எல்லாருக்கும் முன்னாடி ஒருத்தன் இருந்தானே, அவன்."

அக்காவின் கை மடிப்பிலேயே நின்றது. அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுத்து, எதிரே சுவரைப் பார்த்தார்.

"அவனா? நல்ல பையன். ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா உக்காந்திருக்கறப்பகூட அவன் காலு ரெண்டும் வாசலைப் பாத்துத்தான் இருக்கும். கடைக்கும் அப்படி ஆளுங்க வருவாங்க. செருப்ப மாட்டிப் பாக்கறப்பவே மனசு தெருவுக்குப் போயிருக்கும். அவங்களப் புடிச்சு வைக்கக்கூடாது. அளவு சரியா பாத்துக் குடுத்து அனுப்பிடணும்." மறுபடி டிவிக்குத் திரும்பினார். "அனுப்பிட்டேன்."

சின்னவன் குனிந்து பார்த்தான். அவன் கால் இரண்டும் வாசலைப் பார்த்துத்தான் இருந்தன. யாரோ கையும் களவுமாகப் பிடித்துவிட்டதுபோல அவற்றை இழுத்து உள்பக்கம் திருப்பி வைத்தான். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பான். பிடித்து வைக்க ஆசை இருந்தும் அளவு பார்த்து அனுப்பியிருக்கிறார் என்பதுதான் தாங்கவில்லை.

அப்பாவுக்கும் அந்தக் கால்கள் கண்ணில் பட்டிருக்க வேண்டும். "தரை சில்லுனு இருக்கு. வெறுங்காலோட உக்காந்திருக்கியே" என்று எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டே அலமாரிவரை போய், முன்பக்கம் மூடிய ஒரு ஜோடித் துணிச் செருப்பை எடுத்து வந்தார். வந்த ஆட்கள் எல்லோரும் வீட்டுக்குள் போட்டுக்கொண்டது. பருமனானவர் போட்டு அகலமாகி, விசில்காரர் போட்டுக் குதிகால் தேய்ந்திருந்தது. சின்னவன் கையை நீட்டினான். அப்பா கொடுக்கவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு முழங்காலை மெதுவாக மடித்து, அவன் எதிரே தரையில் உட்காரப் போனார்.

"அப்பா, முட்டி!" என்று அக்கா பதறி எழுந்தாள். சின்னவன் வேண்டாம் என்று அவளுக்குக் கை காட்டினான்.

கடையில் உட்காருவதுபோலவே உட்கார்ந்தார், ஒரு முழங்கால் தரையில், ஒரு முழங்கால் மேலே. அவன் காலை எடுத்து மேல் முழங்காலில் வைத்துக்கொண்டார். இடது காலுக்கு மாட்டினார், வலது காலுக்கு மாட்டினார், பிறகு கட்டைவிரலால் முன்பக்கத்தை அழுத்திப் பார்த்தார். பள்ளிக்கூடம் திறக்கிற ஒவ்வொரு வருஷமும் புது ஷூவில் விழுந்த அதே அழுத்தம்.

"விரல் இடிக்குதா?"

"இல்லப்பா."

"பொய் சொல்லாத. வலது கால் இடிக்குது." விரலை எடுக்காமல் அக்காவிடம் சொன்னார்: "இந்தக் காலுக்கு எப்பவுமே அரை அளவு பெருசா எடுக்கணும்மா."

எப்பவுமே என்றால்? தொட்ட மாத்திரத்தில் அளவு தெரியும் விரல் அது. வழியில் போகிற எவன் காலைப் பிடித்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார். அப்படியானால் அந்த எப்பவுமே எங்கிருந்து வந்தது? அக்கா அவனைப் பார்த்தாள். கேளேன் என்றது அவள் முகம். 'இது யாரு காலுப்பா?' என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அப்பா வந்து உட்கார்ந்திருக்கிறார், வேலையைச் செய்கிறார். சின்னவன் கேட்கவில்லை.

டிவியில் ஆறாமவர் கோட்டைச் சரிசெய்துகொண்டு ஒரு நீளமான நடைபாதையில் நடந்துகொண்டிருந்தார். அவர் நடையை எடைபோட அங்கே ஆள் இல்லை. அப்பாவின் கட்டைவிரல் வலது காலின் பெருவிரல்மேல் இன்னும் இருந்தது, லேசாக அழுத்தி, கொஞ்சம் நகர்த்தி, மறுபடி அழுத்தி. கால் மரத்துக்கொண்டு வந்தது. சின்னவன் அதை அசைக்கவில்லை.