எட்டில் நின்ற திருகு

ஆறாம் எண் என்றுதான் என் மகள் பிளெசி சொன்னாள், ஆறு, அதில் சந்தேகமே இல்லை, எட்டில் கொண்டுபோய் நிறுத்தியது நான்தான்... என் உள்ளங்கையைவிட அகலமான இரண்டு பனிச்சறுக்குப் பலகைகள், சாப்பாட்டு மேசையில் பழைய பெட்ஷீட், கையில் திருப்புளி, எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அல்வாலில் பனி என்றால் அது ஃப்ரீசரைத் திறந்தால்தான். பூட்ஸைப் பலகையோடு பிடித்துவைக்கும் பைண்டிங்கைப் பொருத்தித்தர இந்த ஊரில் எனக்குத் தெரிந்து கடை கிடையாது, அதனால் கச்சிபௌலி ஆபீசிலிருந்து நேராக என்னிடம் வந்தாள், இரண்டு பெட்டிகளோடு. ஒன்றில் இரண்டு ஊசிகளால் பூட்ஸின் முனையைக் கவ்வுகிற லேசான வகை, மலை ஏறி நடக்கிறவர்களுக்கு. மற்றது கனமானது, இறங்குவதற்கென்றே செய்தது, முன்னும் பின்னும் இரும்புத் தாடை. குல்மார்கில் கேபிள் காரிலேயே மேலே போய்விடலாமாம், பிறகு ஆளில்லாத சரிவில் இறங்குவது மட்டும்தானாம். "நீங்களே சொல்லுங்க டாடி, ஒருதரம் ஓட்டை போட்டா மாத்த முடியாது." நான் யோசிக்கவே இல்லை, கனமானதைக் கையில் எடுத்தேன். ஆளில்லாத சரிவு என்றல்லவா சொன்னாள்.

போன வருஷம் பாதிச் சரிவில் ஒரு பலகை கழன்றுபோய், இவள் மல்லாந்தபடி பாறை வரைக்கும் வழுக்கிக்கொண்டே போனாளே, அதை வீடியோவாக வேறு காட்டிச் சிரித்தாளே, நான் சாப்பாட்டில் கைவைக்காமல் எழுந்துபோனேன். கழன்றதால்தானே? டிஃபென்ஸ் ஃபேக்டரியில் என் காலம் முழுவதும் கழலக்கூடாது என்பதுதானே வேலை, முறுக்கு, இன்னும் கொஞ்சம் முறுக்கு, அப்புறம் திருகின் தலையிலிருந்து அது இறுகியிருக்கும் பாகத்துக்கு ஒரு சிவப்புப் பெயிண்ட் கோடு. கோடு உடையாமல் இருந்தால் திருகு அசையவில்லை, யாரும் தொடவேண்டாம். அந்தப் புத்தி ஃபேக்டரியோடு நிற்கவில்லை, ரிட்டயர் ஆகியும் போகவில்லை, வீட்டில் ஃபேன் கொக்கிக்குக் கோடு, பிளெசியின் சைக்கிள் பெடலுக்குக் கோடு... ஸ்கூலுக்குக் கிளம்புமுன் குனிந்து கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவாள், நான்தான் பழக்கினேன், எவ்வளவு பெருமை அதில் எனக்கு. "சிக்ஸ் போதும் டாடி, ஜாஸ்தி நக்கோ, என் வெயிட்டுக்கு அதான் கணக்கு, விழுந்தா அது பூட்ஸை விட்டுரணும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். விட்டுவிடுவதற்கென்று ஒரு பூட்டா? தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, நான் இறுக்கத்தின் எண்ணைப் பார்த்தபடியே திருகி ஆறைத் தாண்டினேன், பாறை கண்ணுக்குள் நின்றது, ஏழு, எட்டு. பிறகு கை தானாகவே பெயிண்டைத் தேடிப்போய்விட்டது, எல்லாத் திருகுக்கும் அழகாக ஒரு கோடு.

பிளெசி குல்மார்குக்குப் போயாகிவிட்டது, இன்று சறுக்கப் போகிறாள். மாடியிலிருந்து என் மனைவி ஆக்னஸ் இறங்கி வருகிறாள், ஒரு படி, கொஞ்சம் நின்று, அடுத்த படி, அந்த முட்டி எழுப்பும் சத்தம் எனக்கு மனப்பாடம், ஆனால் இன்று மட்டும் ஏன் இப்படிக் கேட்கிறது... பல வருஷம் முன்பு ஒரு கல்யாண வீட்டுக்கு ஸ்கூட்டரில் போனோம், சேலை நுனி சக்கரத்தில் மாட்டியது, நான் மெதுவாகத்தான் ஓட்டினேன், சிராய்ப்போடு போயிருக்க வேண்டியது. நைந்த நூல்சேலையாக இருந்தால் கிழிந்து அவளை விட்டிருக்கும். அன்று கட்டியிருந்தது பட்டு, நல்ல அழுத்தமான பட்டு, போதாததற்கு அத்தனை ஊக்கு குத்தியிருந்தாள், கிழியவே இல்லை, காலோடு சேர்த்துச் சுற்றி இழுத்தது. கடவுளே. அவளைக் கீழே தள்ளியது ஸ்கூட்டர், முட்டியை முறித்தது விடாமல் பிடித்துக்கொண்ட சேலை. இத்தனை வருஷம் அந்தச் சத்தத்தோடு ஒரே வீட்டில் இருந்துவிட்டு நான் திருகை எட்டில் வைத்தேன். பிளெசி விழுந்தால் பலகை ஒரு பக்கம் திரும்பும், உடம்பு ஒரு பக்கம், நடுவில் என் குழந்தையின் கால்... பனி சரிந்து வந்தால்? அகலப் பலகை இரண்டும் காலோடு சேர்ந்து அவளைக் கீழேதானே இழுக்கும்?

போனை எடுத்தேன், நல்லவேளை மணி போனது, பிளெசி எடுத்துவிட்டாள், ஓவென்று காற்று, பின்னால் யாரோ அவசரப்படுத்துகிறார்கள். "அம்மா, அந்த ஸ்க்ரூவை ஒருதரம் பாரும்மா..." எட்டு என்று சொல்லவேண்டியதுதானே, நாக்கு ஏன் அந்த ஒரு நொடி கூசியது? "பாத்துட்டேன் டாடி! உங்க ரெட் லைன் அப்படியே இருக்கு, கொஞ்சம்கூட அசையல. டென்ஷன் நக்கோ, கேபிள் கார் வந்துருச்சு, மேல சிக்னல் இருக்காது, வைக்கிறேன்." எட்டு, எட்டில் வைத்துவிட்டேன், ஆறுக்கு இறக்கு என்று நான் கத்தியது யாருமில்லாத போனில். மறுபடி போட்டேன். மணியே போகவில்லை. கோட்டைப் பார்த்திருக்கிறாள். அதன் பக்கத்திலேயே சின்ன ஜன்னலில் எண் இருக்கிறது, அதைப் பார்க்கத் தோன்றியிருக்காது, கோடு இருந்தால் டாடி பார்த்துவிட்டார் என்று அர்த்தம், அவ்வளவுதான் அவளுக்கு நான் கற்றுக்கொடுத்தது.

கடைசிப் படியில் கைப்பிடியைப் பிடித்தபடி ஆக்னஸ் நின்றாள். "ஏங்க, கத்துன சத்தம் மேல வரைக்கும் கேட்டுச்சு, பிள்ளை என்ன சொன்னா?" சிவப்புக் கோடு அசையவில்லையாம் என்றேன். "அப்பச் சரி" என்று முட்டியைத் தடவிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள், கோடு எந்த எண்ணில் என்று அவளும் கேட்கவில்லை.