லிஃப்டில் ஏறாத அப்பா

லிஃப்டில் ஆள் இருந்தால் அவன் ஏற மாட்டான். முன்பின் தெரியாதவரோடு எட்டு மாடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதைவிட, முதுகைத் திருப்பிக்கொண்டு எதையோ மறந்தவன் மாதிரி சட்டைப்பையைத் துழாவுவது சுலபம். அந்த வித்தையில் அவன் கைதேர்ந்தவன். அன்று காலையும் எட்டாவது மாடியில் லிஃப்ட் திறந்தது, உள்ளே ஒரு பெண் நின்றாள், அவன் துழாவினான். பக்கத்தில் நின்ற ஐந்து வயது மகள் அவள் பாட்டுக்கு உள்ளே போய்விட்டாள்.

கதவு மூடிய சத்தத்தில்தான் திரும்பினான். படிகளில் விழுந்தடித்து இறங்கினான். மாடிக்கு மாடி எல்லாக் கதவுகளும் சாத்தியிருந்தன. எந்த வீட்டில் யார் என்று அவனுக்குத் தெரிந்தால்தானே! மூன்றாம் மாடியில் ஒரு கதவுக்கு வெளியே மகளின் மஞ்சள் செருப்பு கிடந்தது. மணியை அழுத்தினான்.

"யாரு?" என்றது ஒரு பெண் குரல்.

"குழந்தையோட அப்பாங்க. கதவைத் திறங்க."

"பெத்த பிள்ளையைத் தனியா ஏத்திட்டு முதுகைக் காட்டிட்டு நிக்கறவர் அப்பாவா? நான் ஒரு முதுகைத்தாங்க பாத்தேன்."

"போன்ல போட்டோ இருக்கு, காட்டறேன்."

"போட்டோ எல்லாம் இப்ப யார் வேணா செஞ்சிடலாம்."

வீட்டில் அவன் சொல்வதும் இதையேதான்.

"குட்டி! அப்பா வந்திருக்கேன்டா!"

"ரகசிய வார்த்தை சொல்லு" என்றது உள்ளிருந்து ஒரு சின்னக் குரல்.

அப்பா குரலிலேயே பேசி யாராவது ஏமாற்றிவிடுவார்கள் என்று பயந்து அவனே செய்த ஏற்பாடு அது. ஊழியர்களை பாஸ்வேர்டு மாற்றச் சொல்லிக் கழுத்தறுப்பதுதான் வங்கியில் அவன் வேலை. அதே சூட்டில் வீட்டு வார்த்தையையும் ஓயாமல் மாற்றிக்கொண்டிருந்தான்.

"குடை."

"அது பழசு."

"சிங்கம்? இல்லடா, இரு... ஜன்னல்?"

"ஆன்ட்டி, இது எங்கப்பா இல்ல." மகள் அழ ஆரம்பித்தாள்.

"பாத்தீங்களா? உங்களைத் தெரிஞ்சவங்க ஒருத்தரையாவது கூட்டிட்டு வாங்க. இல்லேன்னா போலீசைக் கூப்பிடுவேன்."

மனைவி அலுவலக வேலையாக விமானத்தில் போய்க்கொண்டிருந்தாள். ஆறு வருடமாக இதே கட்டிடம், ஒருத்தர் பெயர்கூட நினைவுக்கு வரவில்லை. எதிர்வீட்டு மணியை அழுத்தினான்.

"நான் எட்டாவது மாடிங்க. என்னைப் பாத்திருப்பீங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க, ப்ளீஸ்!"

கதவில் ஆள் பார்க்கும் சின்னக் கண்ணாடி இருண்டது. உள்ளே ஒரு கண் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்து என்ன நடக்கும் என்பது அவனுக்கு அத்துப்படி. வெறுங்காலோடு, மூச்சுச் சத்தம்கூட வராமல் பின்னால் நகர்வார்கள். அவன் எத்தனை தடவை அப்படி நகர்ந்திருக்கிறான்!

கண்ணாடியில் மறுபடி வெளிச்சம் வந்தது.